புதைத்து வைத்த தாலந்து

"உன் ஹவுஸ் ஓனரம்மா இருக்காங்களே, கடவுள் குடுத்த தாலந்தை மண்ணுல பொதச்சவங்கம்மா!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சர்ச்சை விட்டு வெளியே வந்ததும் வராததுமாக இப்படிப் பொரிந்து தள்ளியவர், பாடகர் குழுவை நடத்தும் அருள்பாண்டி. கேட்டுக்கொண்டிருந்தவள் பிரவீனா. இந்த வருடம்தான் உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து நைட் ஷிப்ட்தான்.

"லூர்தம்மாள் அக்காவா? அவிய பாடுவாவளா?"

"நல்லா கேட்ட போ! அவங்க பாடினா வடக்குப்பட்டு ஊரே வாசல்ல வந்து நிக்கும். ப்ராக்டிஸ் நடந்ததே அவங்க வூட்டுலதான். இந்த வருசம் இன்னா ஆச்சோ, திடீர்னு ஆர்மோனியப் பெட்டிய எடுத்துக்கினு போங்கன்னுட்டாங்க. சரி, எங்க வூட்டுக்கு வாங்கன்னா, வூட்ட வுட்டு வர முடியாதாம். திமிருதான், வேற இன்னா?"

அன்றைய பிரசங்கமும் அதைப் பற்றித்தான். எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அப்புறம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட வேலைக்காரன் கதை.

"நாம தாலந்துன்னா பாட்டு, டான்ஸுன்னு நெனச்சுக்கிட்டோம். கிரேக்கத்துல அது ஒரு எடை. ஒரு ஆள் தூக்கத் திணறுற அளவு வெள்ளி. அதோட கனம் சுமக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்றார் ஃபாதர்.

யார் காதில் விழுந்தது? "பாட்டு" என்றதுமே பாதிக் கோயில் லூர்தம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரவீனாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பாட்டை விடுங்கண்ணே, பேச்சே கெடையாது! காலைல வந்தா கதவத் தொறந்துவிட்டுட்டு அந்தால போயிருதாவ. காலிங் பெல்லக் கழட்டிப் போட்டாச்சு. எனக்கு ஆளு யாரும் வரக்கூடாதாம். குக்கரத் தூக்கிட்டுப் பொறவாசலுக்குப் போயிருதாவ. கறி வாசம் எனக்கு வந்திரக் கூடாதுல்லா!"

"அடப்பாவமே!" என்றார் அருள்பாண்டி, ரொம்பத் திருப்தியாக.

ஆனால் பிரவீனாவுக்கு அழுகைதான் வந்தது. ராத்திரி முழுக்க மெஷின் இரைச்சல். பகல் முழுக்க அந்த வீட்டு அமைதி. கண் விழித்தால் பேச ஒரு ஆள் இல்லை. அம்மாவுக்குப் போன் போடலாம், ஆனால் அழக்கூடாது. பெற்றவள் தாங்கமாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்து, இது என்ன பிழைப்பு? வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஊருக்கே போய்விடலாம்.

வீட்டுக்குப் போனதும் துணிகளைப் பையில் திணித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் ஊருக்குப் போறேன். ரூமக் காலி பண்ணிக்கிடுதேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த லூர்தம்மாள் நிமிர்ந்தார். முகம் வாடிப்போயிற்று.

"இன்னாம்மா திடீர்னு? வூட்டுல எதனா கொறையா?"

"வீட்டுல ஒரு கொறையுமில்ல. மனுசருதான் இல்ல."

சுருக்கென்று தைத்திருக்கும். லூர்தம்மாள் கொஞ்ச நேரம் கீரைத் தண்டையே ஒடித்துக்கொண்டிருந்தார்.

"போறவள நிறுத்தவா முடியும்? பத்திரமா போம்மா" என்றார் கடைசியில். பிறகு தயங்கி, "எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு. உங்க கம்பெனில யார்னா ரூம் தேடினா அனுப்பு. ஆனா டே ஷிப்ட் பொண்ணா பாத்து அனுப்பு."

"ஏன்? நைட் ஷிப்ட் பிள்ளையள கண்டா அவ்வளவு எளக்காரமா?"

"அய்யய்யோ, அதில்லம்மா! நைட்டெல்லாம் கண்ணு முழிச்சி வர்ற புள்ள பகல்லயாவது தூங்கணுமில்ல? நம்ம செவுரு ஒத்தக்கல்லு, குக்கரு கத்தினாலே தூக்கிப் போட்டுடும். வயசுப் பொண்ண வூட்டுல தனியா தூங்க வுட்டுட்டு நானும் எங்கன்னு போறது? டே ஷிப்ட்னா…" லூர்தம்மாளின் குரல் தாழ்ந்தது. "காலைல கொஞ்சம் பாடிக்குவேன்."

பிரவீனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, கீரைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானக்கா. எனக்குத் தூக்கம் வரல" என்றாள். "பாடுங்க."