மஞ்சள் பெட்டியில் ஒரு முடிச்சு

“ஏம்புள்ள, உங்கண்ணன் பெட்டியில காணிக்கை போட இந்த ஊர்ல வேற எவளுக்குத் தோணும்?”

தம்பி பெண்டாட்டி வசந்தாமணியைப் பார்த்து ஆத்தாயி போட்ட சத்தம் நாமகிரிப்பேட்டைக் கடைவீதி வரைக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கிட்டே வந்து கேட்டுக்கொண்டார்கள்.

வாசலில் வெற்றிமாலை இன்னும் வாடவில்லை. முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில் அவள் தம்பி கந்தப்பன் பதினொரு ஓட்டில் ஜெயித்து, மறுபடியும் மெட்ராஸ் சட்டசபைக்குப் போகிறார். அப்பா தாலுகா போர்டு, சித்தப்பா ஜில்லா போர்டு. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் ஜாதகத்துக்கு முன்னால் ஓட்டர் லிஸ்ட்டைத்தான் புரட்டுவார்கள் என்று ஊரில் பேச்சு.

எதிர்த்து நின்றவர் கந்தப்பன் மனைவி வசந்தாமணியின் சொந்த அண்ணன், புதுச்சத்திரத்துச் சென்னிமலை. ஆளுக்கொரு நிறப் பெட்டி வைத்து ஓட்டுச் சீட்டுப் போட்ட காலம்; கந்தப்பனுக்குப் பச்சைப் பெட்டி, சென்னிமலைக்கு மஞ்சள் பெட்டி.

எண்ணும்போது மஞ்சள் பெட்டிக்குள் சீட்டுகளோடு ஒரு வேண்டுதல் முடிச்சும் கிடந்தது. மஞ்சள் துணியில் காசு. மாரியம்மன் உண்டியல் என்று நினைத்துவிட்டார்கள் போல என்று ஆபீசர் சிரித்தார். கந்தப்பனின் ஏஜெண்டு சும்மா இருக்கமாட்டாமல் அதை வாங்கி வந்து ஆத்தாயியிடம் கொடுத்துவிட்டான்.

தான் போடவில்லை என்று வசந்தாமணி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டைக்கூட அவள் பச்சைப் பெட்டியில்தான் போட்டாள். மனசில்லாமல் போட்டாள், அது வேறு.

காரணம் மகள் சௌந்திரம். சென்னிமலை மகனுக்கென்று தொட்டில் நாளிலிருந்தே பேசி வைத்த பெண். ஓட்டுச் சூட்டில் கந்தப்பன் மேடையேறி, ஜெயித்தால் சூரமங்கலம் காண்ட்ராக்டர் வீட்டுக்குத்தான் என் பெண் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தேர்தலுக்குக் கார் விட்டவர் காண்ட்ராக்டர்.

அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள்தான் சௌந்திரம். இன்றோடு நாற்பது நாள்.

கந்தப்பன் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்காருவார், எழுவார். “எவ போட்டான்னு இன்னிக்குத் தெரிஞ்சாவோணும்!” என்று கத்துவார். பதில் வருவதற்குள் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஜெயித்த மனுஷன் மாதிரியே இல்லை.

ஆத்தாயி முடிச்சை நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்தாள். அவிழவில்லை.

“உடு அக்கா, அம்மன் காசு” என்று கந்தப்பன் பிடுங்கப் பார்த்தார்.

வசந்தாமணி முந்திக்கொண்டாள். விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே செருகியிருந்த நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. காசு மடியில் விழுந்தது.

நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் உத்தரத்தில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“நாந்தானுங்க முடிஞ்சேன்” என்றாள். “சௌந்திரம் எங்கண்ணன் ஊட்டுக்குப் போவோணும்னு அம்மனுக்கு முடிஞ்சு போட்டேன். மீறுனா யாரு தலையில விடியும்னு நீங்களே சொல்லுங்க.”

“கேட்டியா சாமி!” என்று ஆத்தாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கந்தப்பன் கொஞ்ச நேரம் தாம்தூம் என்று குதித்தார். பிறகு, பொம்பளைங்க அம்மன் பேர்ல முடிஞ்சுட்டாங்க, நான் என்ன செய்யறது என்று சூரமங்கலத்துக்கு ஆள் அனுப்பினார். வண்டி ஏற்கெனவே பூட்டி நின்றது.

வைகாசியில் சௌந்திரம் புதுச்சத்திரத்துக்கு மருமகளாகப் போனாள். காண்ட்ராக்டர் மகனுக்கு ஈரோட்டில் பெண் கிடைத்தது. ஆத்தாயி தம்பி வீட்டுச் சோறே வேண்டாமென்று ராசிபுரத்தில் மகளோடு போய் இருந்துகொண்டாள்.

கலியாணப் பந்தலில் சட்டசபை மெம்பர் தாம்பூலம் போட்டுவிட்டு, வெற்றிலைப் பையை எப்போதும்போல் இடது கையால் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடிந்தார்.

அந்த முடிச்சை இருபது வருஷமாக வசந்தாமணியைத் தவிர யாரும் அவிழ்த்ததில்லை.