பூச்சி மட்டும்

சிலந்தி போலிருந்தும் சிலந்தியல்லாத நெட்டைக்கால் பூச்சிகளைப் படத்தில் பார்த்தே இன்ன இனம் என்று சொல்லிவிடுவார் பூச்சி வாத்தியார். கட்டிக்கொடுத்த மகளும் படம் அனுப்பத் தொடங்கியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சியை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, இனத்தின் பெயரைப் பதிலாக அனுப்புவார்.

"போன் பண்ணா மாப்பிள்ளைதான் எடுக்கிறார். அவ தூங்குறான்னு வச்சிடுறார்," என்றாள் மனைவி.

"படம் வருதே. நல்லாத்தான் இருக்கா."

இந்த வாரம் படமும் வரவில்லை. மனைவி அவருடைய செல்போனைப் பிடுங்கி, வெட்டாத படங்களைத் திறந்தாள்.

பூச்சி உட்கார்ந்திருந்தது மகளின் கைமேல். படத்துக்குப் படம் அந்தக் கையில் சூட்டுக் காயங்கள் கூடிக்கொண்டே போயின.

"பூச்சிப் படம்னா மாப்பிள்ளை சந்தேகப்பட மாட்டார்னுதான் இப்படி அனுப்பியிருக்கா. நீங்க பார்ப்பீங்கன்னு நம்பி."



கடைசிப் படத்தில் மட்டும் கை இல்லை. வெறும் சுவரில் பூச்சி. அந்தப் படத்துக்கு மேலே, முந்தைய படத்துக்கு அவர் அனுப்பிய பதில் இருந்தது:

"கை இடைஞ்சலா இருக்கும்மா. இனிமே பூச்சியை மட்டும் எடு."