எந்தக் கிழமை லீவு?

மண்டையில் துளை போட்டு, தேங்கியிருந்த ரத்தத்தை வடித்த மறுநாள். தலையணை இல்லாமல் படுத்திருந்த சத்தியநாதனிடம், மூளை தெளிந்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் கேட்டார். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவர்.

"எந்த ஊரு?"

"ஆம்பூர்."

"வேலைக்கு என்னைக்கு லீவு?"

"வெள்ளிக்கிழமை."

டாக்டரின் முகம் மாறியது. "நீங்க கிறிஸ்தவர்தானே? ஞாயித்துக்கிழமை?"

"வேலைக்குப் போவேன் சார்."

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். "மறுபடி ரத்தம் கசியுது போல. தியேட்டரை ரெடி பண்ணுங்க."

மனைவி தேவகிருபை பதறி எழுந்தாள். "இன்னாத்துக்கு சார்? நல்லாத்தானே பேசுறாரு?"

"நல்லாவா? ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போவாராமே!"

"ஆமா சார். தோல் பதனிடுற டேனரியில மேஸ்திரி. முதலாளி பாய். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, அன்னிக்குத்தான் எல்லாருக்கும் லீவு."

டாக்டருக்கு மூச்சு வந்தது. "அப்போ மூளை தெளிஞ்சிடுச்சு. இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சேர்க்கும்போதே சொன்னேனே சார்! போன வாரம் ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகாம, வெள்ளை வேட்டி கட்டிக்கினு, பைபிளோட சர்ச்சுக்குக் கிளம்பிட்டாரு. அதைப் பாத்துத்தான், மூளை கெட்டுப்போச்சுன்னு இங்க தூக்கினு வந்தோம்!"