பாத்திரப் பந்தயம்

"கண்ணை மூடிக்குங்க சார். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"போன தடவையும் எறும்புன்னுதான் சொன்னீங்க சிஸ்டர். தேளை விட்டுட்டீங்க!"

நர்ஸ் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதைவிடப் பலமாகச் சிரித்தாள். "வீட்டுல சிங்கம். ஊசியைப் பார்த்தா பூனைக்குட்டி."

ஊசி பயம்தான். ஆனால் இன்று அவர் கவலை அதல்ல. தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாய்த் தின்னும் பொல்லாத நோய். சிதைந்த நரம்பின் துகள் ரத்தத்தில் வந்து கலக்குமாம். அதை அளந்தால் நோய் ஓடுகிறதா, ஊர்கிறதா என்று தெரிந்துவிடுமாம். புது மருந்து தொடங்கிய பிறகு எடுத்த ரத்தத்தின் முடிவு இன்று வருகிறது. முந்தின இரவு அவர் பொட்டுத் தூக்கம்கூடத் தூங்கவில்லை.

"பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் மனைவி. "நம்பர் இறங்காது."

"இறங்கும். தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும். ஏன்டி, நல்ல வார்த்தையா பந்தயம் கட்டக் கூடாதா?"

"இறங்கினா நல்லது. இறங்காட்டி, ஜெயிச்ச சந்தோஷமாவது மிச்சம்!"

ஊசி ஏறியது. அவர் 'ஐயோ' என்றார். நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்துவதற்குள் டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எப்போதும் உர்ரென்றிருக்கும் முகத்தில் இன்று பல் தெரிந்தது.

"பாதியாக் குறைஞ்சிருக்கு! நோய் போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா மருந்து கேக்குது. வேகம் நல்லாவே குறைஞ்சிருக்கு."

பஞ்சு ஒருபக்கம் பறக்க, அவர் துள்ளி எழுந்தார். "தோத்துட்டே! தோத்துட்டே!"

"தோத்துட்டேங்க," என்றாள் மனைவி, கண்ணீர் வழிய. "தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல."

"அப்போ இன்னைக்கே ஆரம்பி. வீட்டுல பாத்திரம் மலையாக் கிடக்கு."

"கழுவிட்டாப் போச்சு. ஆனா கை உங்களோடதுதான்."

"அது எப்பவும் உள்ளதுதானே!" என்று சிரித்தபடி, அவள் மடியில் அசையாமல் கிடந்த இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டுவிட்டு, அவர் அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளத் தொடங்கினார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டுமென்று அவளுக்குச் சிகிச்சை தொடங்கிய நாளில் டாக்டரம்மா கேட்டபோது, "அவ மட்டும் ஏன் தனியாக் குத்துப்படணும்?" என்று முந்திக்கொண்டு கையை நீட்டியவர், ஊசிக்கு நடுங்கும் இந்த மனுஷன்தான்.