சாய்ந்த பெட்டியில் ஒரு தேனடை

மழையில் ஒரு கால் மண்ணுக்குள் புதைந்து, தேன்பெட்டி சாய்ந்து நின்றதாம். உள்ளே, அடைக்கு வழிகாட்டும் மெழுகுத்தாள் ஒட்டாத வெறும் மரச்சட்டத்தில் தொங்கிக்கொண்டு ஒரு தேனீ அடை கட்டினாள்.

"கோணலாப் போகுதே தாயி," என்றது சட்டம்.

"நேராத்தான் இறக்குறேன் அண்ணே. வீடுதான் சாய்ஞ்சிருக்கு."

"இத்தனை சட்டம் வரிசையா நிக்கிறோம். நாங்க எல்லாருமா சாய்ஞ்சிருக்கோம்?"

தன் உடம்பைக் கீழே இழுக்கும் பாரத்தை மட்டுமே நம்பி அவள் கட்டினாள். அடை பக்கத்துச் சட்டத்தில் போய் ஒட்டியது. அறைகளில் தேனீக் குஞ்சுகளான புழுக்கள் வளர்ந்தன.

ஒருநாள் பெட்டிக்காரர் திறந்து பார்த்தார். "கோணப் புத்தி பிடிச்ச ஈ," என்று முனகி, அடையை அறுத்து வாளியில் போட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றது சட்டம்.

தேனீ வாளிக்குள் இறங்கி, பசியில் நெளிந்த புழுக்களுக்கு ஒவ்வொன்றாக ஊட்டத் தொடங்கினாள்.