பூஜ்யம் காட்டிய பெட்டி

"இன்னிக்கும் பூஜ்யம்தான் தம்பி. ஒரு மெழுகும் நிக்காது" என்று சமையலறைச் சுவரில் இருந்த பெட்டியைக் காட்டிவிட்டு, கம்பளித் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள் பெர்கித்.

ஈவருக்குச் சங்கடமாக இருந்தது. மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவன் அவன். இந்தக் குளிரில் ஏது பூஜ்யம்? அதற்கும் எவ்வளவோ கீழே இருக்குமே.

பெட்டி அவள் கணவர் ஹால்வரின் கைவேலை. முற்றத்துப் பனியில் புதைத்த சென்சார் குளிரை அளக்கும். அதற்கேற்ற மெழுகை, பனியில் போகக் காலில் மாட்டும் சறுக்குக்கட்டையில் பூசிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் பூஜ்யத்துப் பனியில் ஒரு மெழுகு வழுக்கும், இன்னொன்றில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டும். அந்த நார்வே மலையூரில் பூஜ்யத்தன்று கட்டையைத் தொடுகிறவன் ஒன்று குழந்தை, இல்லையென்றால் தலைநகரத்துக்காரன்.

ஈவர் தலைநகரத்துக்காரன். இலையுதிர் காலத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தான். அந்த ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் உங்களிடம் பேச வேண்டுமென்றால், குறைந்தது இரண்டு குளிர்காலமாவது பழகியிருக்க வேண்டும்.

ஹால்வரின் மற்றக் கண்டுபிடிப்புகளை ஈவர் பார்த்திருந்தான். மலையில் ஆட்களை ஏற்றும் இழுவைக் கம்பியைப் போல, மாடிக்குக் காப்பி ஏற்ற வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டியிருந்தார். காலையில் கிளம்பும் கோப்பை மதியம் போய்ச் சேரும். பாதி வழியில் பூனையும் ஏறிக்கொள்ளும். காலணி உலர்த்தும் இயந்திரம் அதைவிட மோசம். அதில் வைத்த அவருடைய காலணியை இப்போது எதிர்வீட்டுக் குழந்தை போட்டுக்கொண்டு திரிகிறது.

ஆகவே பெட்டி பழுது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. நயமாகச் சொல்லியும் பார்த்தான். என் பெட்டி சரியாகத்தான் சொல்கிறது என்று முணுமுணுத்து, ஹால்வர் பேச்சை மாற்றிவிட்டார்.

அவருடைய வீம்புக்கு இந்த மனுஷி தவிக்கிறாளே என்பதுதான் ஈவரின் வருத்தம். மேலே மலைக்குடிலில் மகள் சிக்னே காத்திருக்கிறாள் என்று தினமும் வாஃபிள் சுட்டுப் பொட்டலம் கட்டுவாள். பெட்டியைப் பார்ப்பாள். பொட்டலத்தை அவிழ்ப்பாள். அந்த ஏக்கத்திலோ என்னவோ, ஈவரின் பெயரைக்கூட ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பாள்.

அன்று ஹால்வர் கடைக்குப் போனதும் ஈவர் பெட்டியைத் திறந்தான். சென்சாரின் ஒயர் எதிலும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஈயம் உருக்கி ஒட்டினான்.

மைனஸ் ஒன்பது.

"நீல மெழுகு" என்றாள் பெர்கித். ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கட்டைகளுக்கு ஈவரே மெழுகு தேய்த்துக் கொடுத்தான். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் பையில் ஏறின.

"சிக்னேகிட்ட உன்னப் பத்திச் சொல்றேன். பேரு என்ன தம்பி?"

பதிலுக்கு நிற்கவில்லை. சின்னப் பெண்ணைப் போலச் சறுக்கிக்கொண்டே காட்டுக்குள் மறைந்துவிட்டாள்.

ஹால்வர் திரும்பியபோது பொடிப்பனி விழத் தொடங்கியிருந்தது. ஈவர் பெருமையோடு பெட்டியைக் காட்டினான்.

"ஒயர ஒட்டவே மறந்துட்டீங்கண்ணே. இப்ப சரியாயிடுச்சு. அக்கா மகளப் பாக்கக் கிளம்பிட்டாங்க."

கடைப் பை அவர் கையிலிருந்து நழுவியது. மெழுகு பூசாத கட்டைகளையே காலில் மாட்டினார்.

"நான் மறக்கல தம்பி. சிக்னேவையும் அந்தக் குடிலையும் பனிச்சரிவு கொண்டுபோய் வருஷக்கணக்காச்சு. பெர்கித்துக்குத்தான் அது மறந்துபோச்சு."

வாசலில் அவள் போன தடத்தைப் பனி மூடிக்கொண்டிருந்தது.