ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு

“இதை யாரு ஒட்டச் சொன்னது?”

ஃப்ரிட்ஜ் கதவில் மனைவி எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கணவர் பிய்த்தெடுத்தார். ‘அடிக்கடி திறந்து பார்த்தாலும் உள்ளே புதுசாக எதுவும் முளைக்காது’ என்றிருந்தது.

“சும்மா சிரிக்கத்தாங்க. காலையிலேயே முகத்தை உம்முன்னு வச்சிருக்கீங்களே.”

“இதுக்கெல்லாம் சிரிக்க நான் என்ன பைத்தியமா? வீடு முழுக்கக் கிறுக்கி வச்சிருக்க. மூளைன்னு ஒண்ணு இருக்கிறவங்க செய்யற வேலையா இது?”

சீட்டைக் கசக்கியபடியே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். பதினாறு வருடமாக இதே பாட்டுதான். பழகிப்போன பேச்சு என்றாலும் அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

“கம்பெனி ஆண்டு விழாவுல உங்க வீட்டுக்காரர்தாம்மா பேசப் போறார். தினம் ஒண்ணு புதுசா சொல்லி ஆபீசையே சிரிக்க வைக்கிறார். என்ன கற்பனை! முந்தாநாள்கூட ‘எங்க வீட்டு அலாரம் அடிச்சா’ன்னு ஆரம்பிச்சார் பாருங்க...”

“‘தெருவே எழுந்துடும், ஐயாவைத் தவிர.’ அதானே சார்?”

“அட, உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?”

“இல்லீங்க. அந்த அலாரத்து மேல நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். அசிங்கமா இருக்குன்னு திட்டிட்டுக் கிழிச்சு எடுத்துட்டுப் போனார். எங்க கொண்டுபோய்ப் போட்டார்னு இப்பத்தான் தெரியுது.”

மேனேஜர் மெல்லக் கணவரின் பக்கம் திரும்பினார்.

“சும்மா தமாஷுக்குச் சொல்றா சார்” என்று கணவர் சத்தமாகச் சிரித்தார்.

கூடச் சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.